சிவப்பு, கறுப்பு, ரோத்சென்கோ

தலையில் துணி கட்டிய ஒரு பெண். கன்னத்தோரம் கையை வைத்துக்கொண்டு வாய் நிறையக் கூப்பிடுகிறாள். அவள் வாயிலிருந்து ஒரு முக்கோணம் விரிகிறது. அதற்குள் ‘புத்தகங்கள்’ என்று பொருள்படும் ரஷ்யச் சொல், உதட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போகப் பெரிதாகிறது. ரஷ்ய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாதவருக்கும் அந்தச் சத்தம் காதில் விழும். லெனின்கிராட் அரசுப் பதிப்பகத்துக்காக 1924-ல் அலெக்சாந்தர் ரோத்சென்கோ செய்த விளம்பரம் இது. கிராஃபிக் டிசைன் படிக்க வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் படிப்பை முடிப்பது கடினம். அசலைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார்த்துச் செய்த ஏதோ ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். 2005-ல் ஸ்காட்லாந்தின் ‘ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்’ இசைக்குழு வெளியிட்ட ஆல்பத்தின் அட்டை இந்த விளம்பரத்தின் நேர் வாரிசு.

ஓவியம், புகைப்படம், அச்சு மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது 1920களின் மாஸ்கோவில். ஜெர்மனியின் பாவ்ஹாஸ் பள்ளியிலும் அதே காலத்தில் அது நடந்தது. ஆனால் பாவ்ஹாஸின் புகழில் பாதிகூட மாஸ்கோ பள்ளிக்குக் கிடைக்கவில்லை. வ்ஹுதெமாஸ் என்று பெயர். லெனின் அரசின் ஆணைப்படி 1920-ல் தொடங்கி, 1930-ல் மூடப்பட்டது. ஓவியம், சிற்பம், கட்டடம், நெசவு, அச்சு, மரவேலை, உலோகவேலை எல்லாம் ஒரே கூரையின்கீழ். எந்தத் துறையில் சேர்ந்தாலும் நிறம், வடிவம், வெளி, கோடு ஆகியவற்றில் எல்லா மாணவர்களுக்கும் பொதுவான அடிப்படைப் பாடம் உண்டு. இன்று டிசைன் கல்லூரிகளில் ‘ஃபவுண்டேஷன்’ என்று நடக்கும் முதலாண்டுக்கு அந்தப் பாடமும் ஒரு மூதாதை. ரோத்சென்கோ அங்கே பத்தாண்டு ஆசிரியராக இருந்தார்.

அவர் பிறந்தது 1891-ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். அப்பா நாடக அரங்கில் மேடைப் பொருள்கள் செய்து கொடுப்பவர். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். கசான் ஓவியப் பள்ளியில் படிக்கும்போது உடன் படித்த வர்வாரா ஸ்தெபானவாவைச் சந்தித்தார். வாழ்க்கையிலும் வேலையிலும் கடைசிவரை இருவரும் இணை. 1921-ல் மாஸ்கோவில் ‘5×5=25’ என்றொரு கண்காட்சி. ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து படைப்புகள். ரோத்சென்கோ வைத்தவற்றில் மூன்று கேன்வாஸ்கள்: ஒன்று முழுக்கச் சிவப்பு, ஒன்று முழுக்க மஞ்சள், ஒன்று முழுக்க நீலம். வேறொன்றும் இல்லை. ஓவியத்தை அதன் முடிவுவரை கொண்டுபோய்விட்டதாக அறிவித்து, தூரிகையை வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போனார்.

அச்சகத்துக்குப் போக ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. உள்நாட்டுப் போர் நாட்டை நொடித்துப் போட்டிருந்தது. 1921-ல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்து தனியார் கடைகளுக்கு மறுபடி அனுமதி தந்தார். அரசுக் கடைகள் அவற்றோடு போட்டி போட வேண்டியிருந்தது. அதற்கு விளம்பரம் வேண்டும். 1923 முதல் கவிஞர் மாயகோவ்ஸ்கி வாசகம் எழுத, ரோத்சென்கோ வடிவமைக்க, இருவரும் ‘விளம்பரக் கட்டமைப்பாளர்கள்’ என்று பெயர் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மாஸ்கோவின் பெரிய பல்பொருள் அங்காடியான கூம், உணவுப் பொருள் நிறுவனமான மொஸ்செல்ப்ரோம், ரப்பர் நிறுவனமான ரெஸினோட்ரெஸ்ட் எல்லாம் வாடிக்கையாளர்கள். பிஸ்கட், சிகரெட், மழைக்காலக் காலணி, குழந்தை சப்பும் ரப்பர் காம்பு என எதையும் அவர்கள் தாழ்வாக நினைக்கவில்லை. நாட்டின் பெருங்கவிஞன் ரப்பர் காம்புக்கு இரண்டு வரி எழுதியதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. மாயகோவ்ஸ்கியோ அதைத் தன் கவிதைக்குச் சமமாக வைத்துப் பேசினார்.

அந்தப் போஸ்டர்களின் தடித்த கோடு, அம்புக்குறி, ஆச்சரியக்குறி, முரட்டு எழுத்து எல்லாவற்றையும் இன்று ஒரு ‘ஸ்டைல்’ என்று கணினியில் எடுத்துப் போட்டுக்கொள்ள முடிகிறது. அவை வந்த வழி வேறு. எழுத்தறிவு குறைந்த நாடு. தெருவில் நடந்துகொண்டே பார்ப்பவன் கண்ணை இழுக்க வேண்டும். இரண்டு நிறம் என்றால் இரண்டு முறை அச்சேற்றினால் போதும். தடித்த கோடு அச்சுக் கோப்பவரின் பெட்டியிலேயே கிடக்கிறது. அதற்குத் தனியாக பிளாக் செய்யச் செலவில்லை.

அந்தப் பெட்டியை வைத்து என்ன செய்ய முடியும் என்பதை எல் லிசிட்ஸ்கி 1923-ல் காட்டினார். மாயகோவ்ஸ்கியின் பதின்மூன்று கவிதைகளை உரக்க வாசிப்பதற்கென்றே ‘குரலுக்காக’ என்ற புத்தகத்தை பெர்லினில் வடிவமைத்தார். பக்கத்தின் வலது ஓரம் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும், நம் ஊர்த் தொலைபேசிக் குறிப்பேட்டைப் போல. வாசிப்பவர் கட்டைவிரலால் தேவையான கவிதையைச் சட்டென்று புரட்டி எடுக்கலாம். உள்ளே இருக்கும் படங்கள் பெரும்பாலும் ஈய எழுத்துகளையும் கோடுகளையும் கோத்தே ஆனவை. கோத்த ஜெர்மானியத் தொழிலாளிக்கு ரஷ்ய மொழி தெரியாது. லிசிட்ஸ்கி வரைந்து கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து அவர் கோத்தார்.

சினிமா போஸ்டரில் ஸ்டென்பெர்க் சகோதரர்கள், விளாதிமிரும் கியோர்கியும், இன்னொரு வழி கண்டார்கள். புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட அன்றைய லித்தோ வசதி போதவில்லை. அதனால் படச்சுருளின் ஒரு சட்டகத்தைச் சுவரில் பாய்ச்சி, வேண்டிய கோணத்துக்குச் சாய்த்து, அதன்மேல் கையால் வரைந்தார்கள். 1929-ல் ஸீகா வெர்தோவின் ‘கேமராவோடு ஒரு மனிதன்’ படத்துக்கு அவர்கள் வரைந்த போஸ்டரில், வானைத் தொடும் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பெண் பின்னோக்கி வளைந்து விழுகிறாள். புகைப்படம் போலத் தெரியும் எல்லாம் கைவேலை. 1933-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கியோர்கி இறந்தார். அந்தக் கூட்டு வேலை அத்தோடு முடிந்தது.

ரோத்சென்கோவைப் புகைப்படத்துக்கு இழுத்தது கத்தரிக்கோல். 1923-ல் மாயகோவ்ஸ்கியின் ‘இதைப் பற்றி’ என்ற நெடுங்கவிதைக்குப் படம் செய்தபோது, பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளோடு கவிஞரின் படத்தையும் அவர் காதலி லீல்யா பிரிக்கின் படத்தையும் ஒட்டிச் சேர்த்தார். அந்தப் படங்களை எடுத்துக் கொடுத்தவர் அப்ராம் ஸ்டெரென்பெர்க். அடுத்த ஆண்டே ரோத்சென்கோ கேமராவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் வந்த புத்தக விளம்பரத்தில் கூப்பிடுகிறவரும் அதே லீல்யாதான்.

1924-ல் தன் அம்மாவை எடுத்த படத்தை ஒரு டிசைன் மாணவர் சாவகாசமாகப் பார்க்க வேண்டும். முகம் சட்டகத்தை நிறைத்திருக்கிறது. தலையில் புள்ளி போட்ட துணி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல், மடக்கி, ஒரு வில்லையை மட்டும் கண்ணருகே பிடித்திருக்கிறார். நெற்றியும் புருவமும் சுருங்கி, எதையோ கஷ்டப்பட்டுப் படிக்கிறார் என்று தெரிகிறது. எதை என்று தெரியாது. எடுத்த படத்தில் அது இருந்தது. மேசை, அதன்மேல் விரித்த பத்திரிகை, உட்கார்ந்திருக்கும் அம்மாவின் உருவம் எல்லாம் இருந்தன. ரோத்சென்கோ அவற்றை வெட்டிவிட்டு முகத்தையும் கையையும் மட்டும் வைத்துக்கொண்டார். உழைத்துத் தேய்ந்த ஒரு பெண் எழுத்தோடு மல்லுக்கட்டும் முயற்சி மட்டும் அங்கே எஞ்சி நிற்கிறது. படத்தை வெட்டுவது பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும் இந்த ஒரு படம் சொல்லிக்கொடுப்பதற்கு ஈடாகாது.

பிறகு அவர் மாடியிலிருந்து கீழே பார்த்தார். தரையிலிருந்து மேலே பார்த்தார். மாஸ்கோவின் மியாஸ்னிட்ஸ்கயா தெருவில் தான் குடியிருந்த கட்டடத்தின் பால்கனிகளையும் சுவரோரத் தீயணைப்பு ஏணியையும் 1925-ல் எடுத்த படங்கள் அண்ணாந்து பார்த்தால் தெரிகிறபடியே சரிந்து ஏறுகின்றன. அன்றைய கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். உலகம் முழுவதையும் தொப்புள் உயரத்திலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம் என்று 1928-ல் ‘நோவி லெஃப்’ இதழில் அவர் வாதாடினார். பழக்கப்பட்ட பொருளைப் புதிதாகக் காட்ட வேண்டுமானால் நிற்கும் இடத்தை மாற்று என்பது அவர் கட்சி. அதே ஆண்டு ஒரு லைக்கா கேமரா வாங்கினார். சினிமாவின் 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கும் அந்தச் சின்னக் கருவி 1925-ல்தான் சந்தைக்கு வந்திருந்தது. கண்ணோடு ஒட்டிப் பிடிக்கலாம். எந்தக் கோணத்துக்கும் வளையும்.

கோணமே அவருக்குப் பகையாகவும் வந்தது. 1928-ல் ‘சோவியத் ஃபோட்டோ’ இதழில் பெயரில்லாத ஒரு கடிதம், அவருடைய படங்களை மேல்நாட்டார் படங்களோடு பக்கத்தில் வைத்து, காப்பி அடித்தவர் என்று குற்றம் சாட்டியது. 1930-ல் கீழிருந்து எடுத்த, ‘பயோனியர்’ என்ற சோவியத் சிறுவர் இயக்கத்துச் சிறுமியின் முகமும், ஊதுகுழல் ஊதும் சிறுவனின் முகமும் உருக்குலைந்து தெரிகின்றன என்றார்கள். ‘வடிவ மோகி’ என்ற பட்டம் அந்நாளில் வெறும் விமர்சனமல்ல; வேலையும் சோறும் அதைப் பொறுத்தே இருந்தன. தான் சேர்ந்திருந்த ‘அக்டோபர்’ கலைஞர் குழுவிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார்.

அந்த நெருக்கடியில்தான் 1933-ல் வெண்கடல் கால்வாய்க்குப் போனார்.

227 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயை 1931 முதல் 1933 வரை கைதிகள் வெட்டினார்கள். கடப்பாரை, மண்வெட்டி, மரத் தள்ளுவண்டி; பெரிய இயந்திரங்கள் ஏதுமில்லை. அரசுக் கணக்கிலேயே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ‘கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்’ என்ற இதழின் 1933 டிசம்பர் மலரை ரோத்சென்கோ தன் படங்களைக் கொண்டே வடிவமைத்தார். பல மொழிகளில் வெளிநாடுகளுக்குப் போன பெரிய அளவு இதழ் அது. பிற்காலத்தில் தமிழ் வீடுகளுக்கு வந்து, பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டையாக மாறிய ‘சோவியத் நாடு’ இதழைப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு நினைவிருக்கும். கால்வாய் மலரின் ஒட்டுப்படங்கள் கச்சிதமானவை. பக்கத்துக்குப் பக்கம் வேகம் கூடுகிறது. அவர் எடுத்த ஒரு படத்தில், முன்னால் இசைக்குழு வாசிக்கிறது. பின்னால் கைதிகள் வேலை செய்கிறார்கள். குற்றவாளிகளை உழைப்பு திருத்துவதைக் கண்டு நெகிழ்ந்ததாக 1936-ல் அவரே எழுதினார். இந்த மலரை ஒதுக்கிவிட்டு 1924-ன் விளம்பரத்தை மட்டும் மாணவர்களுக்குக் காட்டுவது அரைகுறைப் பாடம். இரண்டையும் செய்தது ஒரே கண், ஒரே கத்தரிக்கோல். சாவை மறைக்கவும் நல்ல லேஅவுட்டுக்கு முடியும் என்பது இத்தொழிலில் இறங்குகிறவர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அவரோடு இதே ஒட்டுப்பட வேலையில் முன்னணியில் இருந்தவர் லாட்வியாவில் பிறந்த குஸ்தாவ் குளுட்சிஸ். ஸ்டாலினின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு ஓயாமல் போஸ்டர் செய்தவர். 1938 ஜனவரியில் கைதாகி அடுத்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் போஸ்டர் கலைஞருமான வலென்தீனா குலாகினாவுக்கு, காவலில் மாரடைப்பால் இறந்ததாகப் பொய் சொன்னார்கள். உண்மை வெளிவருவதற்குள் அவரும் போய்விட்டார்.

ரோத்சென்கோ தப்பினார். ஆனால் 1934-ல் ஸ்தெபானவாவோடு சேர்ந்து வடிவமைத்த ‘உஸ்பெகிஸ்தானின் பத்து ஆண்டுகள்’ என்ற ஆடம்பர ஆல்பம் அலமாரியில் இருந்தது. உஸ்பெக் தலைவர்களின் உருவப்படங்கள் பக்கம் பக்கமாக வரும் புத்தகம். சில ஆண்டுகளில் அவர்களில் பலர் ‘மக்கள் விரோதிகள்’ ஆனார்கள். 1938 மார்ச் மாத மாஸ்கோ வழக்கில் கோஜாயெவ், இக்ரமோவ், ஸெலென்ஸ்கி மூவருக்கும் மரண தண்டனை. அவர்கள் படம் வீட்டில் இருப்பதே ஆபத்து. ரோத்சென்கோ தூரிகையை எடுத்து, தன் சொந்தப் பிரதியில் இருந்த முகங்களைக் கறுப்பு மையால் பூசி மறைத்தார். ஸெலென்ஸ்கியின் தலை இருந்த இடத்தில், மேல்சட்டைக் கழுத்துப்பட்டைக்கு மேலே, கறுப்புத் திட்டு. 1951-ல் கலைஞர் சங்கம் ரோத்சென்கோவை நீக்கியது; 1954-ல் மறுபடி சேர்த்துக்கொண்டது; 1956-ல் அவர் இறந்தார். ஆல்பம் அலமாரியிலேயே இருந்தது.

அதை 1984-ல் கண்டெடுத்தவரும் ஒரு கிராஃபிக் டிசைனர்தான். லண்டனின் டேவிட் கிங், 1965 முதல் பத்தாண்டு ‘சண்டே டைம்ஸ்’ வார மலரின் கலைப்பகுதியைக் கவனித்தவர். ஸ்டாலின் நாடுகடத்திய புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் புகைப்படங்களைத் தேடி 1970-ல் மாஸ்கோ போய், அழிக்கப்பட்ட முகங்களைத் தேடுவதையே பாதி வாழ்க்கையாக்கிக்கொண்டார். ரோத்சென்கோவிடமிருந்து பெற்ற தடித்த கோட்டையும் சிவப்பு-கறுப்பையும், தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான இயக்கத்தின் போஸ்டர்களுக்குப் பயன்படுத்தினார். பிரிட்டனில் நாஜிகளுக்கு எதிராகக் கூடிய அமைப்பின் அம்புச் சின்னமும் அவர் கைவேலை. ரோத்சென்கோவின் மைபூசிய பக்கங்களை 1997-ல் வந்த ‘மறையும் கமிஸார்’ புத்தகத்தில் அச்சிட்டு உலகத்துக்குக் காட்டினார். கிங் சேர்த்த இரண்டரை லட்சம் புகைப்படங்களும் போஸ்டர்களும் இதழ்களும் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ரோத்சென்கோ, லிசிட்ஸ்கி, குளுட்சிஸ் எல்லாரும் உண்டு.