பாராசூட்டில் இறங்கிய பைக், குட்டி யானையில் ஏறும் பைக்

வீடு மாத்தும்போது பைக்கை எப்படிங்க பத்திரமா ஏத்திட்டுப் போறதுன்னு நிறைய பேருக்குச் சந்தேகம் இருக்கு. வரலாற்று நிகழ்ச்சியில் இது எதுக்குன்னு தோணலாம். ஆனா இந்தக் கேள்விக்கு ரெண்டாம் உலகப் போரிலேயே ஒரு பதில் இருக்கு.

கதை நெதர்லாந்தில் தொடங்குது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ நிறுவனம் சின்னதா, எடை குறைவா ஒரு பைக் செய்து வந்தது. அதை அங்கே விற்ற ராட்டர்டாம் நிறுவனம் யூதர்களுடையது. நாஜி அரசின் இனவெறியால் அவர்களுடைய விற்பனை உரிமை பறிபோனது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டிடம் போய், "இதே மாதிரி ஒண்ணு செய்து கொடுங்க" என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி.

போர் வந்ததும் பிரிட்டிஷ் பாராசூட் படை அதை எடுத்துக்கொண்டது. எடை சுமார் 59 கிலோ. வழியில் வேலி வந்தால் கையாலேயே தூக்கித் தாண்டிவிடலாம். 'ஃப்ளையிங் ஃப்ளீ', அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி, என்று பெயர் வந்தது. 1944 செப்டம்பரில் ஆர்ன்ஹெம் சண்டைக்கும் இது போனது.

சரி, விமானத்திலிருந்து பைக்கை எப்படி இறக்குறது? இரும்புக் குழாய்களால் கூண்டு செய்து, உள்ளே வண்டியை இறுக்கிப் பூட்டி, பாராசூட் கட்டிப் போட்டார்கள். ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். தரையில் மோதும் அடியைக் கூண்டு வாங்கிக்கொள்ளும். ஸ்டாண்டுக்கு அங்கே வேலையே இல்லை. வண்டியும் கூண்டும் ஒரே உடம்பு, அதுதான் சூட்சுமம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1955-ல் என்ஃபீல்டு சென்னைக்கு வந்தது, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது, நம்ம 'குட்டி யானை'. அதன் பின்பக்கத் தொட்டி ஏறக்குறைய ஏழு அடி. ஒரு புல்லட்டின் நீளமும் கிட்டத்தட்ட அதே ஏழு அடி, எடை 195 கிலோ. கூண்டுதான் இல்லை. அதனால் அந்த வேலையைக் கயிறு செய்யணும்.

நாம அடிக்கடி பார்ப்பது என்ன? சைடு ஸ்டாண்டு போட்டு, ஒரே ஒரு கயிறு கட்டி, பிடிச்சுக்க ஒரு பையனைப் பின்னாடி நிக்க வெச்சுடுவாங்க. வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கும், கயிறு தொங்கும், 195 கிலோ அந்தப் பையன் மேல சாயும்.

ஸ்டாண்டை எடுத்துடுங்க. வண்டியை நேரா நிறுத்தி, முன் சக்கரத்தை கேபினை ஒட்டிய தகடில் முட்ட வைங்க. முதல் கியரில் விடுங்க. பெட்ரோல் குழாய் இருந்தா மூடிடுங்க. முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு என்று நாலு பெல்ட். ஒவ்வொண்ணும் வெளிப்பக்கமும் கீழ்நோக்கியும் சாய்வா இழுக்கணும். முன் ஃபோர்க் பாதியளவு அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுசா அமுக்கினா ஆயில் சீல் போயிடும். பாதி அமுங்கி இருந்தா, பள்ளத்தில் குதித்தாலும் பெல்ட் தளராது. நைலான் கயிறு போகப்போக நீளும், அதனால ராட்செட் பெல்ட் நல்லது. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, திரும்ப இறுக்குங்க.

முக்கியமா, பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க. கூலி கொஞ்சம் கூட வாங்கிட்டு அந்தப் பையன் சரின்னுதான் சொல்லுவான். வேண்டாம்னு சொல்ல வேண்டியது நாமதான். வானத்திலிருந்து பைக்கைப் போட்டவங்ககூட, அதைப் பிடிச்சுக்க ஆளைக் கூண்டுக்குள்ள வைக்கலை.

அடுத்த எபிசோடில் வேறொரு கதையோடு சந்திப்போம்.