மான் விட்டுச் சென்ற சொல்

கைப்பேசிக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது ‘ரேம் எவ்வளவு?’ என்றுதான். அந்த ரேமின் முதல் எழுத்து ‘ரேண்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உரியது. வரிசை பார்க்காமல் நினைவகத்தின் எந்த இடத்தையும் நேரே தொடலாம் என்பது அதன் கருத்து. இந்த ரேண்டத்துக்குப் பிரெஞ்சில் ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயர் ராந்தொனே. வரைபடமும் தண்ணீர்ப் புட்டியுமாகக் கிளம்பி, சாயக்குறி இட்ட பாதையில் வழி பிசகாமல் நாள் முழுக்க நடக்கிறார்களே, அந்த நெடுநடைக்குத்தான் பிரான்சில் இன்று இந்தப் பெயர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று ஒழுங்கின்மைக்கும் மற்றது இத்தனை ஒழுங்கான நடைக்கும் வாழ்க்கைப்பட்டது எப்படி? இதற்கு அகராதி மட்டும் போதாது. பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் இருக்கும் ஃபோந்தேன்ப்லோ ஊருக்கும் அதைச் சூழ்ந்த காட்டுக்கும் போயாக வேண்டும்.

முதலில் சொல். பழைய பிரெஞ்சில் ‘ராந்தோன்’ என்றால் வேகம், மூர்க்கம், தடுக்க முடியாத பாய்ச்சல். 12ஆம் நூற்றாண்டுக் காவியங்களில் குதிரைவீரன் எதிரிமேல் பாய்வதும் வெட்டுக்காயத்திலிருந்து குருதி பீறிடுவதும் ராந்தோன்தான். பிராங்கு இனத்தாரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். ‘ஓட்டம்’ என்ற வேரா, ‘விளிம்பு’ என்ற வேரா என்பதில்தான் வழக்கு. எனக்கு ஓட்டம் பொருத்தமாகப் படுகிறது. நார்மானியரோடு இந்தச் சொல் கடலைத் தாண்டி இங்கிலாந்து போயிற்று. அங்கே முதலில் அதே மூர்க்க வேகத்தைக் குறித்தது. பிறகு பீரங்கிக்காரர்கள் கையில் சிக்கியது. குழாயை உயர்த்திப் பிடித்து, குண்டு எட்டும் தூரம்வரை சுடுவதை அவர்கள் ரேண்டம் என்றார்கள். அப்படிச் சுட்ட குண்டு எங்கே விழும் என்று யாரால் சொல்ல முடியும்? 17ஆம் நூற்றாண்டுக்குள் ‘குறியில்லாத’ என்ற பொருள் நிலைத்துவிட்டது. ரேமுக்குப் போன வழி அது.

பிரான்சில் நின்ற கிளையை வேட்டைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசர்களின் வேட்டை, அம்பு எய்து முடிக்கும் காரியமன்று. நாய்க்கூட்டத்தை ஏவி, குதிரையில் பின்தொடர்ந்து, கலைமான் களைத்து நிற்கும்வரை துரத்துவது. விடியுமுன் ஒரு பணியாள் மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்தபடி காட்டுக்குள் சென்று, மான் எந்தப் பகுதியில் படுத்திருக்கிறது என்று உளவறிந்து வருவான். அதற்குப் பிறகே நாய்களை அவிழ்ப்பார்கள். கிளப்பப்பட்ட மான் உடனே ஊர் தாண்டி ஓடிவிடுவதில்லை. அதற்குப் பழகிய நிலம் அது. எந்தப் பாறைக்குப் பின்னால் புதர், எந்தச் சரிவின் அடியில் நீர் என்று அதற்குத் தெரியும். ஆகவே அந்த எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும். தன்னுடைய இடத்தை விட்டுப் போவதற்கு முன் மான் போடும் இந்தச் சுற்றைத்தான் வேட்டைக்காரர்கள் ராந்தொனே என்றார்கள். பிரெஞ்சு அகாதமியின் பழைய அகராதிகளும் பின்னர் லித்ரேயின் அகராதியும் இச்சொல்லை வேட்டைச் சொல்லாகவே பதிந்திருக்கின்றன. மூர்க்கமான ஓட்டத்தோடு ‘வட்டம்’ என்ற பொருளும் சேர்ந்தது இங்கேதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் சுற்றுப்பாதைகளில் இன்று நடப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, மானின் சுற்றைத்தான் சுற்றுகிறார்கள்.

இந்த வேட்டைத் தொழில் மொழிக்குக் கொடுத்தது இது ஒன்றல்ல. மான் வந்த தடத்திலேயே திரும்பி ஓடி நாய்களை ஏமாற்றும் உத்தி ‘ரூஸ்’. இன்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எல்லாத் தந்திரத்துக்கும் அதுவே பெயர். துரத்தல் போகக்கூடிய வழியில் ஆங்காங்கே களைப்படையாத நாய்களை நிறுத்தி வைப்பது ‘ரெலே’. நம் பள்ளி விளையாட்டு விழாவில் கோல் மாற்றி ஓடும் ரிலே ஓட்டத்துக்கு மூதாதையர் அந்த நாய்கள்!

ஃபோந்தேன்ப்லோ இப்படிப்பட்ட வேட்டைக்காகவே எழுந்த ஊர். ‘ஃபோந்தேன்’ என்றால் ஊற்று. ‘ப்லோ’ என்பதை ‘பெல் ஓ’, அதாவது அழகிய நீர் என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. ப்லியோ என்ற வேட்டைநாய் வழிதவறிப் போய், ஓர் ஊற்றருகே கிடைத்தது என்ற கதையும் உண்டு. மொழியியலார் இரண்டையும் ஏற்பதில்லை. ஊற்றுக்கு உரிமையாளனாக இருந்த ஜெர்மானியப் பெயருடைய ஒருவனையே காட்டுகிறார்கள். கதையாகக் கேட்க நாய்தான் சுவை, சந்தேகமில்லை.

ஊரின் அரண்மனை 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. நான்காம் பிலிப் மன்னர் இங்கே 1268இல் பிறந்தார். வேட்டையின்போது நோய்ப்பட்டு 1314இல் இங்கேயே இறந்தார். முதலாம் பிரான்சுவா 1528 முதல் அதை மாற்றிக் கட்டினார். இத்தாலியிலிருந்து ரோசோ, ப்ரிமத்திச்சோ ஆகிய ஓவியர்களை வரவழைத்தார். இன்று 1,500க்கு மேற்பட்ட அறைகள். 1981 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே போய் நிற்பது குதிரை லாட வடிவப் படிக்கட்டின் முன்னால். 1814 ஏப்ரல் 20 அன்று நெப்போலியன் தன் காவற்படையிடம் விடைபெற்றது அங்கேதான். ஆனால் நம் சொல்லுக்கு உறவு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நான்காம் ஹென்றி கட்டிய மான் கூடம். சுவர் முழுக்க அரச மாளிகைகளும் அவற்றைச் சூழ்ந்த காடுகளும் தீட்டப்பட்டிருக்கும். இடையிடையே மான் தலைகள். 1657இல் சுவீடனின் முன்னாள் அரசி கிறிஸ்தீனா தன் பணியாளர் மொனல்தெஸ்கியைக் கொல்ல வைத்ததும் இதே கூடத்தில். மற்றொன்று, வேட்டைத் தெய்வம் தியானாவின் நீரூற்று. நான்கு வெண்கல நாய்கள் காவலாக உட்கார்ந்திருக்கின்றன. அவை நீர் பாய்ச்சும் விதத்தைக் கண்டு குழந்தைகள் சிரிக்காமல் நகர்வதில்லை.

அரண்மனையை விட்டு வெளியே வந்தால் காடு. அரசுக் காடு மட்டும் ஏறத்தாழ 17,000 ஹெக்டேர். ஓக், பைன், வெண்மணல், யானைக் கூட்டம் படுத்ததுபோல் மணற்கல் பாறைகள். வரைபடத்தை விரித்தால் ஒன்று கண்ணில் படும்: நேர்கோட்டுச் சாலைகள் பலவும் ஒரு புள்ளியில் கூடி நட்சத்திரமாக விரிகின்றன. அந்தப் புள்ளிகளில் பலவற்றுக்குச் சிலுவையின் பெயர். குதிரை மேல் இருப்பவர் அங்கே நின்றால் மான் எந்தச் சாலையைக் கடக்கிறது என்று நான்கு பக்கமும் பார்க்கலாம். அவற்றில் ஒன்று பெருவேட்டைத் தலைவர் சிலுவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கருவேடனின் நாய்க்கூட்டமும் கொம்பொலியும் நான்காம் ஹென்றியின் காதில் விழுந்ததாகச் சொல்லும் கதை அதைச் சுற்றித்தான். குதிரைக்காரர் பார்வைக்காக வெட்டிய இந்தச் சாலைகளில் நடப்பது அலுப்பு. நீண்டு, நேராக, வெயிலோடு போகும்.

நடப்பவனுக்கு என்று காட்டில் முதலில் வழி போட்டவர் க்ளோத்-பிரான்சுவா தெனகூர் (1788-1875). நெப்போலியன் படையில் காயம்பட்டவர். ஊரிலிருந்த படைமுகாமில் வாயிற்காப்பாளர். அரசியல் கருத்துகளால் அந்த வேலையையும் இழந்தவர். 1839 முதல் காட்டுக்கு வழிகாட்டி நூல்கள் போட்டார். 1842 முதல் தம் கைக்காசில் பாறைகளுக்கிடையே ஒற்றையடிப் பாதைகளை வெட்டத் தொடங்கினார். படி அமைத்தார், குகை திறந்தார், பாறைக்கும் மரத்துக்கும் பெயர் வைத்தார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நடப்பவர் துணையின்றிப் போக நீலச் சாயத்தில் அம்புக்குறி தீட்டினார். சுமார் 150 கி.மீ. பாதை இப்படி உருவாயிற்று.  1849இல் பாரிசிலிருந்து ரயில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவர் புத்தகத்தோடு இறங்கியது.

எழுத்தாளர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1855இல் அவருக்காக ஒரு தொகுப்பு மலர் வந்தது. தெயோஃபில் கோத்தியே அவரை வனதேவன் என்றார். போதலேரின் வசனகவிதைகள் முதன்முதலாக அச்சேறியதும் அந்த மலரில்தான். ஒரு வழிகாட்டி நூல் ஆசிரியருக்கு இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்! காட்டோரப் பார்பிசோன் கிராமத்து ஓவியர்கள் மரம் வெட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்ததன் பயனாக 1861இல் 1,097 ஹெக்டேர் ‘கலைப் பகுதி’யாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காகூட அதற்குப் பிறகு, 1872இல்தான் வந்தது.

தெனகூர் தம் பாதைகளில் நடப்பதை ராந்தொனே என்று அழைக்கவில்லை, அவருடையவை உலாக்கள். பொருள் பிறந்து பல பத்தாண்டுகள் கழித்தே பெயர் வந்து ஒட்டியது. ராந்தொனேக்கு ‘நிற்காமல் போகும் நெடும்போக்கு’ என்ற பேச்சுவழக்குப் பொருள் முன்பே முளைத்திருந்தது. சக்கரம் வந்ததும் மிதிவண்டிக்காரர்களும் மோட்டார்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னையிலும் கோவையிலும் மிதிவண்டியில் 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டி முடித்து ‘பிஆர்எம்’ சான்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ‘ஆர்’, ராந்தொனர், அதாவது ராந்தொனே போகிறவர். அரசரின் வேட்டைச் சொல் கிழக்குக் கடற்கரைச் சாலைவரை வந்துவிட்டது.

காலால் நடப்பவர்க்கு அந்தச் சொல்லை உறுதியாக்கிக் கொடுத்தது 1947ஆம் ஆண்டு. ழான் லுவாசோ என்ற கட்டடக் கலைஞர் நாடு முழுக்க நெடும்பாதைகள் வேண்டும் என்று ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தார். அந்த ஆண்டு ‘பெரும் ராந்தொனே’ (சுருக்கமாக ஜிஆர்) பாதைகளுக்கான தேசியக் குழு அமைந்தது. ஆகஸ்டில் லுவார் ஆற்றங்கரையில் ஓர்லேயான், போழான்சி இடையே முதல் துண்டு திறக்கப்பட்டது. குறி: மேலே வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டு பட்டைகள். அவை குறுக்காக வெட்டிக்கொண்டால் அது தப்பு வழி, திரும்பு என்று பொருள். ஃபோந்தேன்ப்லோ காட்டை ஜிஆர் 1 கடக்கிறது. பர்கண்டிக்குப் போகும் ஜிஆர் 13 இங்கேயே புறப்படுகிறது. தெனகூரின் நீலக் குறிகளும் அழியவில்லை. அவருக்குப் பின் கொலினே என்பவர் விரித்த பாதைகளையும் சேர்த்து, 1907இல் தொடங்கிய காட்டு நண்பர்கள் சங்கம் இன்றும் சாயம் புதுப்பித்து வருகிறது. ராந்தொனே என்பது பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ராந்தோ’ என்று சுருங்கிவிட்டது.

தமிழில் இதை ‘மலையேற்றம்’ என்று எழுதுகிறார்கள். ஃபோந்தேன்ப்லோவில் மலையே இல்லை. 25 மேட்டுச் சுற்று என்ற பெயர்பெற்ற சிவப்புக்குறிப் பாதைகூட ஏறத்தாழ 16 கி.மீ.க்குள் பாறைமேடுகளில் ஏறி இறங்குவதுதான். ‘தடநடை’ என்றால் பொருள் நிற்கும் என்பது என் கட்சி.

போகிறவர்களுக்கு ஒரு சொல். நாய்களை ஏவித் துரத்தும் வேட்டை பிரான்சில் இன்னும் சட்டப்படி நடக்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய அதன் பருவம். ஃபோந்தேன்ப்லோ காட்டுக்கும் வேட்டை நாள்களின் அட்டவணை உண்டு. குளிர்காலத்தில் கிளம்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘வேட்டை நடக்கிறது’ என்ற பலகை நட்டிருந்தால் அந்தப் பகுதியை விட்டு வேறு பாதை பிடியுங்கள்.