கிடங்கும் குடோனும்

விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "மல்லாட்டைக் குடோன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், கேள்வி புரியாமல் விழிப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். எந்தக் குடோன், யாருடைய குடோன் என்று வேண்டுமானால் திருப்பிக் கேட்பார்கள். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாத மூட்டை தூக்குகிறவரும் குடோன் என்றுதான் சொல்கிறார். பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் அது இங்கிலீஷ் வார்த்தை என்பான். கொஞ்சம் கெட்டிக்காரப் பையனாக இருந்தால், 'கோ' என்றால் போ, 'டௌன்' என்றால் கீழே, ஆகையால் கீழே இறங்கிப் போய்ச் சரக்கு வைக்கிற இடம் என்று பொருளும் சொல்லி விடுவான்.

பையன் மேல் குற்றம் இல்லை. வார்த்தை போட்டிருப்பது இங்கிலீஷ் சட்டைதான். ஆனால் உடம்பு நம்முடையது.

1886-இல் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற வேடிக்கையான பெயரோடு ஓர் அகராதி வெளிவந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் பேச்சில் கலந்துவிட்ட கீழ்நாட்டு வார்த்தைகளையெல்லாம் திரட்டிய புத்தகம் அது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. ஸி. பர்னல் என்ற இருவர். பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். புத்தகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் 1882-இலேயே காலமாகி விட்டார். 'கோடௌன்' என்ற சொல்லுக்கு அவர்கள் காட்டும் வம்சாவளி இது: இங்கிலீஷ்காரருக்கு அது கீழ்க்கடல் துறைமுகங்களிலிருந்து வந்தது, அங்கே மலாய் மொழியில் அது சரக்கறை, அந்த மலாய்ச் சொல்லுக்கும் மூலம் தெலுங்கில் கிட்டங்கி, தமிழில் கிடங்கு.

கிடங்கு எப்படிக் கப்பல் ஏறியது என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வியாபாரிகள் செல்வாக்கோடு இருந்தார்கள். 'நினா சட்டு' என்று போர்த்துக்கீசியர் எழுதி வைத்திருக்கும் தமிழ் வியாபாரி ஒருவருக்கு அவர்கள் பெண்டகாரா என்ற பெரிய பதவியே கொடுத்தார்கள். சரக்கு போன இடத்துக்குச் சரக்கு வைக்கும் இடத்தின் பெயரும் போயிற்று. 1569 வாக்கில் பர்மாவின் பெகு நகரத்துக்குப் போன வெனிஸ் வியாபாரி செஸரே பெடரிச்சி, அங்கே வீடுகளெல்லாம் மூங்கில் வீடுகள் என்றும், தீக்குப் பயந்து வியாபாரிகள் செங்கல்லால் கட்டி வைத்திருக்கும் சரக்கறைக்கு 'கோடோன்' என்று பெயர் என்றும் எழுதுகிறார். வீடு எரிந்தாலும் சரக்கு எரியக் கூடாது. வியாபாரியின் மனம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்!

அப்புறம் அந்தச் சொல் கடற்கரையெல்லாம் சுற்றியது. அகராதி வெளிவந்த அதே 1886-இல் ஹாங்காங்கில் தொடங்கிய ஒரு பெரிய துறைமுகக் கம்பெனி தன் பெயரிலேயே கோடௌனைச் சேர்த்துக்கொண்டது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் நகரத்தார் பெட்டி வைத்து வட்டித் தொழில் நடத்திய கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்றே பெயர். அங்கே குவிந்தது மூட்டை அல்ல, பணம்.

இத்தனையும் 'கிட' என்ற இரண்டெழுத்திலிருந்து வந்தவை. எது கிடக்கிறதோ அதற்கு இடம் கிடங்கு. நீர் கிடந்தால் அகழி. சரக்குக் கிடந்தால் பண்டசாலை. பழந்தமிழில் அகழிப் பொருள்தான் மிகுதி. அதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். விழுப்புரத்திலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் திண்டிவனம். திந்திருணி என்றால் புளி; புளியங்காடாக இருந்ததால் வந்த வடமொழிப் பெயர் அது. அதற்கு முன்னால் அங்கே இருந்த ஊர் கிடங்கில். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் ஆண்ட ஊர். கிடங்கில் என்ற ஊர்ப் பெயரையே தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட சங்கப் புலவர்கள் உண்டு. இன்றும் திண்டிவனத்தில் ஒரு பகுதிக்குக் கிடங்கல் என்றுதான் பெயர்.

அந்த நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. பாணன் வீட்டு வறுமையை அதில் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். உப்பு வாங்க வழியில்லாமல் குப்பைக் கீரையை வேகவைத்து, அயலார் கண்ணில் படாமல் கதவை அடைத்துக்கொண்டு உண்ணும் வீடு. கிடப்பதற்கு ஒரு பிடி தானியமும் இல்லாத வீட்டிலிருந்து கிளம்பியவன், கிடங்கில் ஊர்த் தலைவனைத் தேடிப் போனான்.

கடல் கடந்த கிடங்கு, வெள்ளைக்காரனோடு குடோனாகத் திரும்பி வந்து, இந்தச் சீமையில் மணிலாவோடு சேர்ந்துகொண்டது. நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். மணிலா நகரத்தின் பெயரைச் சுமந்து வந்து, மணிலாக்கொட்டையாகி, மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகி விட்டது. தமிழ்ச் சொல் அந்நியனாகவும், அந்நியச் சொல் தமிழாகவும் ஒரே கூரையின் கீழ் கிடந்தன! தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்ஸின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. 1879-இல் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை திறந்தது.

விழுப்புரம் மண்டி ஒன்றில் ஒரு பெரியவரிடம், "அறுவடை முடிந்த கையோடு விற்கிறீர்களே, கொஞ்சம் பொறுத்தால் விலை ஏறாதா?" என்று கேட்டேன்.

"சரக்கு கெடந்தாத்தான் தம்பி வெல வரும். கெடக்க வுட நமக்கு எடம் ஏது? கடன்காரன்தான் வுடுவானா?" என்றார்.

ஹாப்ஸன்-ஜாப்ஸன்காரர்கள் கண்ட வேரை அவர் அகராதி இல்லாமலே பிடித்துவிட்டார். செடியைப் பிடுங்கிக் காயவைக்கும் மாதத்தில் விலை இறங்குகிறது; குடோன் நிறைந்து, வயல் காலியான பிறகு ஏறுகிறது. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற லாபம், கிடக்க விட முடிந்தவனுக்கு.

இதைச் சர்க்காரும் அறியாமல் இல்லை. 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர் மார்க்கெட் சட்டம் வந்தது. அதன் வழியில் வந்த விற்பனைக்கூடத்தைத்தான் ஜனங்கள் 'கமிட்டி' என்கிறார்கள். 1958-இல் மாநிலத்துக்கென்று சேமிப்புக் கிடங்கு நிறுவனம் ஏற்பட்டது. கமிட்டிக் கிடங்கில் மூட்டையை வைத்து, அதன் பேரில் கடன் வாங்கிக்கொண்டு, விலை வரும்வரை காத்திருக்க விவசாயிக்கு இன்று வழி உண்டு. அந்த வழி எத்தனை பேருக்கு எட்டுகிறதோ, அத்தனை பேருக்குத்தான் இந்தச் சொல் உண்மையில் சொந்தம்.

சர்க்கார் பலகையில் 'கிடங்கு' என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறது. வாசலில் வண்டிக்காரர் குடோன் என்கிறார். சொல்லைத் திருத்த வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. உள்ளே கிடக்கிற மூட்டை யாருடையது என்பதுதான் எனக்குக் கவலை.