கல்லறையில் எழுதக்கூடாத ஊர்

1981 ஜூலை 30. மாஸ்கோவில் பொலிட்பீரோ கூட்டம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்து ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தது. செத்துப்போன சிப்பாயின் கல்லறைக்குக் கல் வைக்க அவன் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபிள் தரலாமா என்று பேச்சு எழுந்தது. பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றார் கட்சியின் மூத்த தலைவர் சூஸ்லவ். கல்லில் என்ன எழுதுவது என்பதுதான் அவர் கவலை. ஒரே இடுகாட்டில் நாலைந்து கற்களில் ‘ஆப்கானிஸ்தானில் இறந்தான்’ என்று இருந்தால் அரசியல் ரீதியாக அது சரியாக இருக்குமா? உளவுத்துறைத் தலைவர் ஆந்த்ரோபவ், மரியாதையோடு அடக்கம் செய்யலாம், நினைவுச்சின்னம் அளவுக்குப் போக இன்னும் காலம் வரவில்லை என்றார். பேசியது முழுக்கக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கல்லில் என்ன பொறிக்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரு வல்லரசின் உச்ச அவை உட்கார்ந்திருந்தது!

உடல்கள் விமானத்தில் வந்தன. அந்த விமானத்துக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் ‘கருப்பு டூலிப்’. துத்தநாகத் தகட்டுப் பெட்டியைப் பற்றவைத்து மூடி அனுப்புவார்கள். கூடவே ஓர் அதிகாரி வருவார். பெட்டியைத் திறக்கக்கூடாது. உள்ளே இருப்பது தன் மகன்தானா என்று பார்க்காமலேயே புதைத்த தாய்மார்கள் பலர். பத்திரிகைகளோ, நம் பையன்கள் அங்கே பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தன.

பிற்பாடு வெளிவந்த கணக்கின்படி அந்தப் போரில் இறந்த சோவியத் வீரர்கள் சுமார் 15,000 பேர். என்னை அதிகம் உலுக்கியது வேறொரு கணக்கு. ஒன்பது ஆண்டுகளில் அங்கே போய்வந்தவர்கள் சுமார் 6,20,000 பேர். அவர்களில் நோயால் படுத்தவர்கள் 4,15,000 பேருக்கும் மேல். மஞ்சள் காமாலை மட்டும் 1,15,000 பேருக்கு. டைபாய்டு 31,000 பேருக்கு. 1981 கடைசியில் 5-வது மோட்டார் ரைபிள் டிவிஷனில் 3,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் காமாலையில் விழுந்தார்கள். டிவிஷன் கமாண்டரும் அவருடைய அதிகாரிகளில் பெரும்பாலோரும் படுக்கையில். ஒரு டிவிஷன் முழுவதும் சண்டைக்கு லாயக்கற்றுப் போனது. இதற்கு எதிரி ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை. கொதிக்கவைக்காத தண்ணீர், கை கழுவாத சமையல்காரன், ஒழுங்கில்லாத கக்கூஸ், இவை போதுமாக இருந்தன. ராக்கெட்டை விண்வெளிக்கு அனுப்பிய அரசால் தன் சிப்பாய்க்குச் சுத்தமான தண்ணீரைக் கொடுக்க முடியவில்லை.

இவ்வளவும் ஒரு தரப்பின் கணக்கு. மறைத்தார்கள், ஆனால் எண்ணி வைத்திருந்தார்கள். ஆப்கானியர்களை எண்ணவே ஆளில்லை. ஐந்து லட்சம் பேர் செத்தார்கள் என்பாரும் உண்டு, 20 லட்சம் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் 15 லட்சம் உயிர்கள், இருந்தனவா இல்லையா என்றே தெரியாத உயிர்கள்.

காபூலுக்குத் தெற்கே லோகர் மாகாணத்தில் பத்குவாப்-இ-ஷானா என்று ஒரு கிராமம். அந்தப் பக்கத்தில் விவசாயம் நடப்பது காரேஸை நம்பி. மலையடிவாரத்து ஊற்றிலிருந்து பூமிக்கடியில் சுரங்கமாக வெட்டிக் கொண்டுவரும் வாய்க்கால் அது. வருஷாவருஷம் ஆள் இறங்கித் தூர்வார வேண்டும். 1982 செப்டம்பரில் சோவியத் ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தபோது ஜனங்கள் அந்தச் சுரங்கத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். சிப்பாய்கள் எரிபொருளை உள்ளே ஊற்றிக் கொளுத்தினார்கள். 105 பேர் கருகிச் செத்ததாகத் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். காரேஸ் நாசமானால் வயல் போயிற்று, வயல் போனால் ஊர் போயிற்று. சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன் கெரில்லாக்களுக்குச் சோறு போடுவது கிராமம். கிராமத்தைக் காலி செய்துவிட்டால் போர் முடிந்துவிடும் என்பது சோவியத் தளபதிகளின் கணக்கு. கிராமங்கள் காலியாயின, போர் முடியவில்லை. சுமார் ஒன்றரைக் கோடி ஜனத்தொகையில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகப் போனார்கள்.

இருந்தவர்களுக்குக் கண்ணிவெடி. முஜாஹிதீன்களும் புதைத்தார்கள், காபூல் அரசும் புதைத்தது. சோவியத் ஹெலிகாப்டர்கள் தூவிய ஒரு வகை மட்டும் தனி ரகம்: உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக், பச்சை நிறம், ஒரு பக்கம் இறக்கை. காற்றில் மிதந்து இறங்குவதற்குத்தான் அந்த இறக்கை. குழந்தைகளை ஏமாற்றுவதற்காகப் பொம்மை மாதிரி செய்தார்கள் என்பது வதந்தி. ஆனாலும் குழந்தைகள் அதை எடுத்தார்கள், கை போயிற்று. ஆளைக் கொல்லாமல் முடமாக்குவதற்கென்றே கணக்காக வைத்த மருந்து. செஞ்சிலுவைச் சங்கம் 1988-ல் காபூலில் செயற்கைக் கால் செய்துதரும் மையம் ஒன்றைத் திறந்தது; அங்கே வேலைக்கு இன்றுவரை குறைவில்லை.

1989 பிப்ரவரி 15-ல் சோவியத் படை வெளியேறி முடிந்தது; அதன் தளபதி ஜெனரல் போரிஸ் குரோமவ் எல்லையிலுள்ள ஆமு தரியா பாலத்தை நடந்தே கடந்தார். தனக்குப் பின்னால் ஒரு சோவியத் சிப்பாயும் இல்லை என்றார். முஜாஹிதீன்களிடம் சிக்கியிருந்த கைதிகள் அவர் கணக்கில் வரவில்லை போலும்.

ஊர் திரும்பிய பையன்களுக்கு நேர்ந்ததும் நல்லதல்ல. வீடு, பென்ஷன், செயற்கைக் கால் என்று எதைக் கேட்டு எந்த ஆபீஸுக்குப் போனாலும், ‘நாங்களா உன்னை அங்கே அனுப்பினோம்?’ என்று கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மக்கள் பிரதிநிதிகள் மாநாடு, படையை அனுப்பியதே தவறு என்று தீர்மானம் போட்டது. நியாயமான தீர்மானம்தான். காலை இழந்தவன் அதை எப்படி வாசித்திருப்பான்? இவர்களையும் இவர்களின் தாய்மார்களையும் பேசவைத்துப் புத்தகம் எழுதிய ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சைச் சில தாய்மார்களே 1990-களின் தொடக்கத்தில் மின்ஸ்க் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். என் மகன் வீரன் என்று ஒரு தாய் நம்ப நினைத்தால், அவளோடு வாதாட எனக்கு வாய் வராது.

காபூலில் சோவியத் ஆதரவு பெற்ற அதிபர் நஜிபுல்லா இருந்தார். ரஷ்யர்கள் போனபின் சீக்கிரமே விழுந்துவிடுவார் என்று சி.ஐ.ஏ. முதல் பெஷாவர் டீக்கடை வரை ஆரூடம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார். அதன்பிறகு காபூல் யாருக்கு என்று முஜாஹிதீன்கள் தங்களுக்குள்ளேயே ராக்கெட் வீசிக்கொண்ட கதை அடுத்த இதழில்.