பஞ்சம், கொள்ளைநோய், போர்: இந்திய அறிவியல் கழகத்தைச் சூழ்ந்த ஊரின் வரலாறு

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு மூத்தவர்கள் வாய்வழியாக ஒரு பட்டியல் தருவதுண்டு. மாலையில் சாங்கி ஏரி, ஞாயிறு காலையில் மல்லேசுவரத்து வெண்ணெய் மசால் தோசை, பொழுதிருந்தால் காடு மல்லேசுவரர் கோயில். சுவைக்கும் கண்ணுக்கும் இப்பட்டியல் போதும். ஆனால் இதிலுள்ள இடங்களையும் உணவுகளையும் காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் பல ஓய்வுக்காகத் தோன்றியவை அல்ல என்பது புலப்படும். பஞ்சம், கொள்ளைநோய், போர் என்னும் மூன்று பேரிடர்கள் விட்டுச்சென்ற தடங்கள் அவை.

பட்டியலில் மிகப் பழையது கோயில். அதனருகே உள்ள 1669ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, மல்லபுரத்து மல்லிகார்ச்சுனருக்கு ஏகோசி ஓர் ஊரைக் கொடையாக அளித்ததைக் குறிக்கிறது. வெங்கோசி என்றும் அழைக்கப்பட்ட இவர் சிவாசியின் மாற்றாந்தாய் மகன். சில ஆண்டுகளுக்குப் பின் தஞ்சையைக் கைப்பற்றி அங்கே மராத்தியர் ஆட்சியைத் தொடங்கியவரும் இவரே. சரசுவதி மகால் நூலகத்தை அறிந்த தமிழ் ஆய்வாளர், அதை வளர்த்த அரசமரபின் முதல்வரை இங்கே ஒரு காட்டுக் கோயிலின் கொடையாளராகச் சந்திக்கிறார். மல்லபுரம் என்ற ஊர்ப்பெயர் மறைந்து, கோயிலின் பெயரே பிற்காலக் குடியிருப்புக்கு நிலைத்தது. ‘காடு’ என்னும் அடைமொழிக்குத் தமிழிலும் கன்னடத்திலும் பொருள் ஒன்றே. கோயிலுக்கு எதிரே மண்ணுள் புதைந்திருந்த நந்தி தீர்த்தக் குளம் 1997இல்தான் தோண்டி வெளிக்கொணரப்பட்டது.

அடுத்தது ஏரி. மைசூர் நாட்டின் மக்கள்தொகை 1871இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1881இல் அது 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இடையில் வந்தது 1876–78 தாது வருடப் பஞ்சம். நகரின் நீர்த்தட்டுப்பாட்டைத் தணிக்கும் முயற்சிகளின் தொடர்ச்சியாக, 1882இல் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் பொறுப்பில் இந்நீர்நிலை அமைந்தது. அருகே சந்தனக் கிடங்கு இருந்ததால் ‘கந்ததகோட்டி கெரே’ என்றும் இதற்குப் பெயர் வழங்கியது. இங்குள்ள ‘கெரே’ என்னும் கன்னடச் சொல் தமிழின் ‘சிறை’ என்பதோடு இனமுடையது. ககரம் முன்னுயிருக்கு முன் சகரமாகத் திரிவது தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகியவற்றின் இயல்பு. கன்னடம் பழைய ககரத்தைக் காத்தது. மலையாளத்துச் ‘சிற’, தெலுங்கின் ‘செருவு’ ஆகியனவும் இக்குடும்பத்தவை. தொல்காப்பியத்தில் வரும் ‘கற்சிறை’ நீரைத் தடுக்கும் கல்லணையே. இன்று தமிழில் சிறை என்றால் மனிதரை அடைக்கும் இடம். கன்னடத்தில் அதன் உறவுச்சொல் இன்னும் நீரையே தேக்கி நிற்கிறது.

மூன்றாவது மல்லேசுவரமே. 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய், நெருக்கமான பேட்டைப் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றியது. அக்காலத்தில் உருப்பெற்ற மல்லேசுவரமும் பசவனகுடியும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடம் விட்டுத் திட்டமிடப்பட்டவை. நேர்கோட்டுத் தெருக்கள், எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள், வீடுகளுக்குப் பின்னே துப்புரவுச் சந்துகள் ஆகியவை அத்திட்டத்தின் கூறுகள். செண்பகத்தின் பெயரால் சம்பிகே சாலையும் வேம்பின் பெயரால் மார்கோசா சாலையும் அமைந்தன. நலவாழ்வை முன்னிறுத்திய இப்புதிய வரைபடம் பழைய சமூகப் பிரிவினையைக் கைவிடவில்லை. மனைகளைப் பகிர்ந்தளித்தபோது சாதி கணக்கில் கொள்ளப்பட்டது. நோய் நெருக்கத்தால் பரவுகிறது என்று அஞ்சிய நகரம், எவர் எவரோடு நெருங்கலாம் என்ற பழைய கேள்வியையும் உடன் எடுத்துவந்தது.

இக்குடியிருப்பு வேரூன்றிய காலத்தில்தான் கழகமும் வந்தது. சம்செட்சி டாடாவின் திட்டத்துக்கு மைசூர் அரசு 1907இல் 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1909இல் கழகம் முறைப்படி நிறுவப்பட்டது. 1911இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். திட்டத்தை வகுத்த டாடா 1904இலேயே மறைந்துவிட்டார். ஆயினும் ஊரார் வாயில் இது இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’தான்.

இனி உணவு. நகரம் விரிந்து, வேலைக்கும் படிப்புக்கும் ஆட்கள் குவிந்தபோது, வீட்டுக்கு வெளியே உண்ணும் தேவை பெருகியது. உடுப்பி வட்டாரத்துச் சமையற்காரர்கள் அதை நிறைவு செய்தனர். மல்லேசுவரத்தின் சென்ட்ரல் டிபன் ரூம் 1920களைச் சேர்ந்தது. லால்பாக் அருகே இன்றுள்ள மாவள்ளி டிபன் ரூம் 1924இல் தொடங்கியபோது அதன் பெயர் பிராமின் காபி கிளப். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றது. அத்தட்டுப்பாட்டில், அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு ரவா இட்லியைத் தாங்களே உருவாக்கியதாக அந்நிறுவனம் கூறுகிறது. இன்று மல்லேசுவரத்தில் விருப்பத்தோடு கேட்டு உண்ணப்படும் இச்சிற்றுண்டி, பஞ்சகாலத்து மாற்றுணவாகப் பிறந்தது.

உணவகத்தின் பெயரிலேயே சாதி இருந்தது தற்செயலன்று. எவர் சமைத்தார், எவரோடு அமர்வது என்பவை அக்காலத்தில் சுவைக்கு முந்திய கேள்விகள். 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் நடத்திய போராட்டம் இதே கேள்வியை வீதிக்குக் கொண்டுவந்தது. பெங்களூரில் விடையின் ஒரு பகுதியை, அறைகூவல் ஏதுமின்றி, கட்டட அமைப்பே தந்தது எனலாம். 1980களில் பரவிய ‘தர்சினி’ உணவகங்களில் நாற்காலி இல்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, உயர்ந்த மேசையருகே நின்று உண்ண வேண்டும். மார்கோசா சாலையில் 1977 முதல் இயங்கும் வீணா ஸ்டோர்ஸின் முன்னும் மக்கள் நடைபாதையில் நின்றே இட்லி உண்கின்றனர். உட்காரும் வரிசையே இல்லாத இடத்தில் வரிசை பிரிப்பது கடினம். ஒரு காபியை இருவர் பகிரும் ‘பை டூ’ வழக்கமும் இந்நகரின் அன்றாட மொழியில் ஊன்றிவிட்டது.

நுழைவுக்கான தடை உணவகத்தில் மட்டும் இருக்கவில்லை. 1933இல் கமலா பாகவத் என்னும் மாணவி கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் இயக்குநர் ச. வெ. இராமன் மறுத்தார். அவர் விடாது நின்று, கடுமையான நிபந்தனைகளோடு இடம்பெற்றார். பின்னர் கமலா சோகோனி என அறியப்பட்ட அவர், 1939இல் கேம்பிரிட்சில் முனைவர் பட்டம் பெற்றார். கழகத்தில் அவர் ஆராய்ந்தது பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை. எளியவர் தட்டிலிருக்கும் உணவின் சத்தைக் கணக்கிட்ட அந்த ஆய்வு, வாயிலில் நிறுத்தப்பட்ட ஒருவரிடமிருந்து வந்தது.

ஆகவே, வளாகத்தைச் சுற்றியுள்ள பட்டியலை மதிப்பெண்ணிட்டுக் கடந்துபோவதைவிட, ஆவணமாக வாசிப்பது பயன் தரும். ஏரி பஞ்சத்தின் ஆவணம். தெருக்கள் பிளேக்கின் ஆவணம். ரவா இட்லி போரின் ஆவணம். இவை மூன்றையும் நகரம் பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறது. எவர் உள்ளே வரலாம், எவரோடு அமரலாம் என்ற நான்காவது வரலாறு தகவல் பலகைகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. மூத்தவர்கள் இளையவர்களுக்குத் தரும் பட்டியலில் அதையும் சேர்க்கலாம்.