வேடந்தாங்கல் குடியானவர்கள் வாங்கிய உரிமை

ஐப்பசி மழையில் ஏரி நிறையத் தொடங்கினால், செங்கல்பட்டுச் சீமையில் உள்ள வேடந்தாங்கலுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பிச்சிடும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். ஊசிவால் வாத்து போன்றவை சைபீரியா முதலான வடதேசங்களிலிருந்து குளிருக்குத் தப்பி வரும்.

இந்தப் பறவைகளுக்காக முதலில் வாதாடியது யார்? சர்க்கார் இல்லீங்க, நம்மைப் போன்ற குடியானவர்கள்தான். கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது மறுபடி உறுதியானது. சரணாலயம் என்ற அங்கீகாரம் 1936-இல்தான் வந்தது.

ஊரார் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்கள்? பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கு. அது ஏரித் தண்ணீரில் கலந்துவிடும். மடையைத் திறந்தால் தண்ணீரோடு உரமும் நெல் வயலுக்குப் பாயும். காசு கொடுத்து வாங்காத உரம்! பறவை மிரளக் கூடாதுன்னு தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி வெடிக்கிறதில்லை.

உங்க ஊர் ஏரிக்கும் பறவை வரலாம். ஏரிக்குள் நிற்கும் மரத்தை வெட்டாதீங்க. கவணையும் கண்ணியையும் எடுக்காதீங்க.