பாப் ஹேய்ஸ்: தடுப்பாட்டத்தையே மாற்றவைத்த வேகம்

ராபர்ட் லீ ஹேய்ஸ் (1942–2002) அமெரிக்கக் கால்பந்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்கு 1965 முதல் 1974 வரை பத்துப் பருவங்கள் வைட் ரிசீவராக ஆடியவர். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை, எதிரணிக் காவலரை விலக்கிக்கொண்டு ஓடிப் பிடிப்பதுதான் ரிசீவரின் வேலை. அந்த வேலைக்கு வருவதற்கு முன்பே ஹேய்ஸ் உலகின் மிக வேகமான மனிதர் என்று பெயரெடுத்திருந்தார். அந்தப் புகழ் அவருக்குக் கதவையும் திறந்தது, பின்னாளில் அவருடைய ஆட்டத்தின் அருமையை மறைக்கவும் செய்தது.

புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் 1942 டிசம்பர் 20 அன்று பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படித்த காலம் அது. கறுப்பின மாணவர்களுக்கான மேத்யூ கில்பர்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, டலஹாசியில் உள்ள புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் புகழ்பெற்ற ஜேக் கெய்தர். ஒரே மாணவர் கால்பந்தும் ஆடினார், ஓட்டப் பந்தயங்களிலும் சாதனைகளை முறியடித்துக்கொண்டிருந்தார். 1963இல் செயின்ட் லூயிஸ் நகரில் 100 கஜத்தை 9.1 விநாடியில் ஓடியபோது அது உலக சாதனை. மறு ஆண்டு, 60 கஜத்தை ஆறு விநாடிக்குள் ஓடிய முதல் மனிதரும் அவரே.

1964 அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக். இன்றைய செயற்கைத் தடங்கள் வராத நாள்கள். வீரர்கள் ஓடியது கரித்தூள் பரப்பிய தடத்தில். 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஹேய்ஸுக்குக் கிடைத்தது உள்ளோரத்து முதல் தடம். நடைப் போட்டி நடந்து முடிந்து, கால்கள் மிதித்துக் குலைத்த தடம் அது. போதாக்குறைக்கு ஒரு காலணியைக் காணாமல் இன்னொரு வீரரிடம் இரவல் வாங்கி அணிந்திருந்தார். அப்படியும் 10.0 விநாடியில் வென்று உலக சாதனையைச் சமன்செய்தார். வெள்ளி வென்ற கியூபாவின் என்ரிக்கே ஃபிகெரோலாவும் வெண்கலம் வென்ற கனடாவின் ஹாரி ஜெரோமும் எடுத்துக்கொண்டது தலா 10.2 விநாடி. அந்தத் தூரத்தில் அது பெரிய இடைவெளி.

தங்கப் பதக்கத்தைவிட அதிகம் பேசப்படுவது 4×100 மீட்டர் தொடரோட்டம்தான். கடைசிக் கட்டையை ஹேய்ஸ் வாங்கியபோது அமெரிக்க அணி பின்தங்கியிருந்தது. முன்னால் ஓடிய ஒவ்வொருவரையும் பிடித்துக் கடந்து, எல்லைக் கோட்டைத் தொடும்போது ஏறத்தாழ மூன்று மீட்டர் முன்னிலையில் இருந்தார். அணியின் நேரம் 39.0 விநாடி, அதுவும் உலக சாதனை. அவர் தனியாக ஓடிய பகுதியைக் கையால் கணித்தவர்கள் 8.5 முதல் 8.9 விநாடி வரை வெவ்வேறு கணக்குச் சொன்னார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் அன்றைய மைதானத்தில் வேறெவருக்கும் எட்டாத ஓட்டம் அது.

கவ்பாய்ஸ் அணி அவரை ஒலிம்பிக்குக்கு முன்பே, 1964ஆம் ஆண்டுக்கான வீரர் தேர்வின் ஏழாவது சுற்றில் எடுத்து வைத்திருந்தது. ஓட்டப் பந்தய வீரர்கள் கால்பந்துக்கு வருவது புதிதல்ல; கையில் பந்து நிற்காமல் திரும்பிப் போனவர்கள் பலர். ஹேய்ஸ் அந்த வகையைச் சேர்ந்தவரல்ல. 1965ஆம் ஆண்டு முதல் பருவத்திலேயே 46 பந்துகளைப் பிடித்து 1,003 கஜம் முன்னேறி, 12 டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்தல்) எடுத்தார். மறு பருவம் 64 பந்துகள், 1,232 கஜம், 13 டச்டவுன்கள். அந்த நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 246 கஜம். டான் மெரிடித் எறிந்த ஒரு பந்து மட்டும் 95 கஜ டச்டவுனாக முடிந்தது.

எதிரணிகள் திணறியதற்குக் காரணம் எளிது. ஒரு ரிசீவருக்கு ஒரு காவலர் என்று ஆளுக்கு ஆள் நிறுத்தித் தடுப்பது அன்று பரவலாக இருந்த முறை. அந்தக் காவலர் ஒரு நொடி பிந்தினாலும் ஹேய்ஸ் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார். அவரோடு சேர்ந்து ஓடக்கூடிய காவலர் எந்த அணியிலும் இல்லை. எனவே பயிற்சியாளர்கள் இரண்டு வழிகளை நாடினார்கள். புறப்படும் கோட்டிலேயே அவரை இடித்துத் தள்ளி வேகம் பிடிக்கவிடாமல் செய்வது ஒன்று. ஆளை விட்டுவிட்டு மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவலரை நிறுத்துவது மற்றொன்று. பகுதிக் காவலை ஹேய்ஸுக்காகவே கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது மிகை. அது முன்பும் இருந்தது. ஆனால் அதை எல்லா அணிகளும் கற்றே தீரவேண்டும் என்ற நெருக்கடியை உண்டாக்கியவர்களில் அவருக்கே முதலிடம். அவர் பந்தைத் தொடாத ஆட்டங்களிலும் இரண்டு காவலர்கள் அவர் பின்னால் போனதால் சக வீரர்களுக்கு இடம் கிடைத்தது. அந்தப் பங்கு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

உச்சத்தில் இருந்தபோதே சறுக்கலும் உண்டு. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில் உறைநிலைக்கு 25 செல்சியஸ் டிகிரி கீழே நடந்த இறுதிப் போட்டி, 'ஐஸ் பவுல்' என்று வரலாற்றில் நிற்கிறது. தனக்குப் பந்து வராத வேளைகளில் ஹேய்ஸ் குளிர் தாங்காமல் கைகளைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டார். அதைக் கண்டுகொண்ட எதிரணிக்கு, பந்து எப்போது அவர் பக்கம் வராது என்பது விளங்கிவிட்டது. கிரீன் பே 21–17 என்று வென்றது.

1968இல் உதைத்தனுப்பிய பந்தைத் திருப்பிக் கொண்டு ஓடுவதில், ஓட்டத்துக்குச் சராசரி 20.8 கஜம் எடுத்து லீகிலேயே முதலிடம் பெற்றார். 1972 ஜனவரி 16 அன்று டாம் லாண்ட்ரியின் பயிற்சியில், ரோஜர் ஸ்டாபாக் வழிநடத்திய கவ்பாய்ஸ், சாம்பியன் பட்டத்துக்கான சூப்பர் பவுல் போட்டியில் மயாமி அணியை 24–3 என்று வீழ்த்தியது. ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பவுல் மோதிரமும் சேர்த்துப் பெற்ற ஒரே மனிதர் ஹேய்ஸ். 1975இல் சான் பிரான்சிஸ்கோ அணியில் சில ஆட்டங்களோடு அவரது ஆட்டக்காலம் முடிந்தது. மொத்தம் 371 பந்துகள், 7,414 கஜம், 71 டச்டவுன்கள். பிடித்த பந்து ஒவ்வொன்றுக்கும் சராசரி 20 கஜம். நீண்டகாலம் ஆடிய ரிசீவர்களில் இந்தச் சராசரியை எட்டியவர்கள் மிகச் சிலரே.

அதன்பின் குடியும் போதைப்பொருளும் அவரைப் பற்றிக்கொண்டன. 1979இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து மாதம் சிறையில் இருந்தார். 1990இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த ஆண்டுகளை அவரே எழுதினார்.

ஓஹியோவின் கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபம் அவரை ஏற்கத் தயங்கியது. 2001இல் கவ்பாய்ஸ் தன் கௌரவ வளையத்தில் அவர் பெயரைப் பொறித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 18 அன்று, சிறுநீரகச் செயலிழப்பால் பிறந்த ஊரிலேயே 59 வயதில் காலமானார். 2004 தேர்வில் மீண்டும் விடுபட்டபோது, மூத்த விளையாட்டு எழுத்தாளர் பால் சிம்மர்மன் எதிர்ப்புத் தெரிவித்துத் தேர்வுக் குழுவிலிருந்து விலகினார். அவர் கோபம் நியாயமானது. மைதானத்தில் ஒருவர் செய்ததைத்தான் அந்த மண்டபம் எடைபோட வேண்டும். அந்த எடையில் ஹேய்ஸ் எந்தக் காலத்திலும் குறைந்தவரல்ல.

2009இல்தான், இறந்து ஏழு ஆண்டுகள் கழிந்தபின், மண்டபம் அவரை ஏற்றது. அதே ஆண்டு மைல்ஸ் ஆஸ்டின் 250 கஜம் எடுத்ததும் ஒரே ஆட்டத்தில் 246 கஜம் என்ற அவரது அணிச் சாதனை வீழ்ந்தது. 71 டச்டவுன் பிடிப்புகள் என்ற சாதனை 2017 வரை நின்று, டெஸ் பிரையன்ட் கைக்கு மாறியது.